வெந்த களிமண்ணில் ஒரு கட்டைவிரல்

டிங்...

அடுப்பு மணி அடித்தது.

அதற்கப்புறம்தான் அவள் கத்தினாள்.

அதுவும் பெரிய கத்தல் இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்துக் கத்துகிற அளவுக்குத்தான்.

முன்பக்க ஷோரூமிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பின்பக்கப் பட்டறையின் தரையில் முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் சலவைக்கல் பலகை. அவள் வேலை செய்யும் பலகை. ஒரு மூலை மட்டும் சிவப்பு.

முதலாளி என்றால் சாதாரண முதலாளி இல்லை. 'தேக்கரசர்.' பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அவரே அச்சடித்துக்கொண்டார். மேடை கிடைத்தால் போதும், "என் உடம்பில் ஓடுவது ரத்தமல்ல, தேக்கின் சாறு" என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்போது தரையில் பரவியிருந்ததைப் பார்த்தால் சாதாரண ரத்தமாகத்தான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். தூக்கம் போதாத கண்கள். ஷோரூமை ஒரு பார்வை, பிணத்தை ஒரு பார்வை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்தார்.

"நீங்கதானேம்மா முதல்ல பாத்தது?"

"ஆமா சார்."

"பாத்ததும் என்ன செஞ்சீங்க?"

"பெட்டியை அடுப்புல வெச்சேன்."

பேனா நின்றது.

"பிணத்தைப் பாத்துட்டு... அடுப்புல பெட்டி வெச்சீங்க."

"வெளியில விட்டா தூசி ஒட்டிக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைத் தேடினார். திமிர் இல்லை. நடிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. அந்தக் கடையில் உண்மையாக மரத்துப் போயிருந்தது அவள் மனசு ஒன்றுதான்.

என்ன பெட்டி என்று கேட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று முதலாளி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வாங்கினவர் தரையில் கிடந்தார். சொல்லிவிட்டாள்.

அடுப்புக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். பார்த்தால் பழைய தேக்குப் பெட்டி. ரேகை ரேகையாய் ஓடும் வரிகள், நடுவே ஒரு கணு, அதைச் சுற்றி நதி பாறையைச் சுற்றிப் போவதுபோல வளைந்து போகும் கோடுகள். இன்ஸ்பெக்டர் விரலால் தட்டிப் பார்த்தார். தேக்கு சொல்ல வேண்டிய பதிலை அது சொல்லவில்லை.

"மரம் இல்லையா?"

"பாலிமர் களிமண் சார்."

காப்பி நிறம், கடுகு நிறம், வெள்ளை, கொஞ்சம் கறுப்பு. கயிறு கயிறாக உருட்டி அடுக்க வேண்டும். முறுக்கி, உருளை மெஷினில் நீளவாக்கில் விட வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று முழுசாகக் கலந்துவிடக்கூடாது. கலந்தால் சேறு. கலக்காமல் இழுபட்டால் மர வரி. பிறகு கம்பி பிரஷ்ஷால் வரி போன திசையிலேயே கீறினால் மரத்தின் துளைகள் வந்துவிடும். இப்படிச் செய்த மெல்லிய தோலைப் பசை தடவிய சாமான்மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி, பிளேடால் விளிம்பு வெட்டி, மிதமான சூட்டில் வேகவைத்தால்... தேக்கு.

எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இந்தக் கடைக்கு அவள் வந்த நாளிலிருந்து என்றாள். ஷோரூமில் 'பழங்காலத்துப் பொக்கிஷங்கள்' என்று தனி வரிசை இருக்கிறதே, அதெல்லாம் யார் வேலை என்றார். இரண்டு கையையும் காட்டினாள்.

"வீட்டு ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது சார். என் தம்பிக்கு மட்டும்."

அந்தப் பெட்டிதான் இன்றைய விழாவின் நாயகன். சாயங்காலம் கடையில் பெரிய கண்காட்சி. 'முன்னூறு வருஷத்துப் பரம்பரைத் தேக்குப் பெட்டி' என்று வாசலில் பேனர். அது பாங்க் லாக்கரில் இருந்ததாகவும் இப்போது பாலிஷுக்காக வெளியே வந்திருப்பதாகவும் முதலாளி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சொந்தத் தம்பியிடமும் அதையேதான் சொன்னார். பெட்டியை மேடையில் யார் கையில் கொடுக்கிறாரோ அவர்தான் அடுத்த வாரிசு. மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு என்று முடிவாகிவிட்டது. தம்பியான சின்னவருக்குக் கைதட்டும் வேலை.

"சரி. நீங்க உள்ள வந்தப்ப இந்தப் பெட்டி எப்படி இருந்துச்சு?"

"மூடியில ஒரு கட்டைவிரல் அழுந்தியிருந்துச்சு சார்."

இன்ஸ்பெக்டரின் தூக்கம் கலைந்தது.

"உங்களோடதா?"

"இல்ல சார். பெருசு. நான் கறுப்புப் பெயின்ட் வாங்க முன்னாடி கவுன்ட்டருக்குப் போறப்ப மூடி சுத்தமா இருந்துச்சு. திரும்பி வந்தா... இவரு கீழ கிடக்காரு, மூடியில பள்ளம். ரேகை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது."

"எங்க அது?" மூடியின்மேல் குனிந்தார். வழவழவென்று மர வரிதான் இருந்தது.

"தடவி விட்டுட்டேன்."

"...என்னது?"

இந்த வேலையில் விரல் ரேகைதான் முதல் எதிரி. வேகாத களிமண் தொட்டதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வெந்துவிட்டால் மறக்கவே மறக்காது. எந்த மரத்துக்கும் கட்டைவிரல் ரேகை கிடையாது. அதனால் அடுப்பில் வைக்கிற ஒவ்வொரு சாமானையும் சாய்த்துப் பார்த்து, பள்ளம் தெரிந்தால் தேய்த்து, பிரஷ்ஷால் வரியைத் திரும்பக் கீறுவாள். இன்றைக்கும் செய்தாள். கண் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தடயத்தை மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். அதுக்கு பாலிஷ் போட்டு, அடுப்புல வெச்சு, மணி அடிக்கிற வரைக்கும் காத்திருந்தவங்களை இப்பத்தாம்மா பாக்கறேன்."

அவள் கவுன்ட்டரில் நின்றதை விற்பனை ஆட்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் தப்பித்தாள்.

மாட்டியது அவள் தம்பி.

அவன் அதே கடையில் தச்சன். முதல் நாள்தான் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சண்டை போட்டிருந்தான். மேடையில் அக்கா பேரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று. கொலை நடந்த நேரத்தில் பின்னால் மரக்கிடங்கில் தனியாக இருந்திருக்கிறான். சாட்சி சொல்ல அங்கே மரங்கள்தான் இருந்தன. அவையாவது அசல்.

ஏட்டு அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"அக்கா, நான் செய்யலக்கா."

"தெரியும்டா."

அவன் கன்னத்தில் ஏட்டின் விரல்கள் பதிந்திருந்தன. நாலு சிவப்புக் கோடுகள். அவள் கட்டைவிரல் தானாக எழுந்து அதைத் தடவியது. மறுபடி தடவியது.

அழியவில்லை.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாக வலித்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவர் உள்ளே நுழைந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. அண்ணனின் உடலுக்கு முன்னால் நின்று, இல்லாத மைக்கைப் பார்த்துப் பேசினார். ஓர் ஆலமரம் சாய்ந்துவிட்டதாம்.

தேக்கு என்றல்லவா சொன்னார்கள் என்று இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார்.

அவள் தம்பியை ஜீப்பை நோக்கித் தள்ளினார்கள். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"சார், கொலை பண்ணவரோட கட்டைவிரல் ரேகை இந்தப் பெட்டி மூடியில இருக்கு. இனிமே நூறு வருஷமானாலும் அழியாது. என் தம்பி விரலோட ஒத்துப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சின்னவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கட்டைவிரல்னதும்தான் ஞாபகம் வருது," என்றார். "அது என்னோடதா இருக்கும் இன்ஸ்பெக்டர். முந்தாநாள் பாலிஷ் போட்டு வெச்சிருந்தாங்க. பரம்பரைச் சொத்தாச்சே, கை சும்மா இருக்குமா? தொட்டுப் பாத்தேன். வார்னிஷ் காயலை. அழுந்திடுச்சு."

"முந்தாநாள். இதே பெட்டியை."

"இதேதான். முப்பாட்டனைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. உடம்பே சிலிர்த்துப் போச்சு. அசல் தேக்கோட வாசனை தனி இன்ஸ்பெக்டர், உங்களுக்கு அது புரியாது."

இன்ஸ்பெக்டர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, முந்தாநாள் இந்தப் பெட்டி எப்படி இருந்துச்சு?"

அவள் பிளேடை எடுத்தாள். மூடியின் மூலையில் செருகி நெம்பினாள். படக்கென்று ஒரு துண்டு தேக்கு தெறித்து விழுந்தது.

அடியிலிருந்து ஒரு பூனைக்குட்டி எட்டிப் பார்த்தது. கழுத்தில் ரிப்பன். முன்னங்காலில் நூல் உருண்டை.

"முந்தாநாள் டப்பா பூரா இதுங்கதான் சார். இன்னைக்குக் காலையிலதான் களிமண் போத்தினேன். வார்னிஷ்னு ஒண்ணு இதுல கிடையவே கிடையாது."

சின்னவர் பூனையைப் பார்த்தார். பூனை சின்னவரைப் பார்த்தது.

"அப்போ... பரம்பரைப் பெட்டி எங்க?"

"இதான் சார்."

"முன்னூறு வருஷம்...?"

"பிஸ்கட் டப்பா சார். பிஸ்கட்டை நானும் தம்பியும் தின்னோம்."

சின்னவரின் மைக்குக்கான குரல் எங்கேயோ போய்விட்டது. "இதைத் தூக்கிட்டுப் போகத்தான வந்தேன்... இவரு வந்து கையைப் பிடிச்சாரு... இதுக்கா? ஒரு பிஸ்கட் டப்பாவுக்கா எங்கண்ணனை நான்..."

நிறுத்தினார்.

நிறுத்தின இடம் ரொம்பத் தாமதமான இடம்.

ஏட்டு தம்பியின் சட்டையை விட்டார். போகிற போக்கில் காலரைச் சரிபண்ணியும் விட்டார்.

"ரேகை?" சின்னவர் கடைசியாக ஒருமுறை மூடியின்மேல் குனிந்தார். "எங்க இருக்கு என் ரேகை?"

"இல்ல சார்," என்றாள் அவள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே தடவி விட்டுட்டேன்."

தம்பி அவள் தோளைப் பிடித்தான். இப்பவாவது அழுதுவிடு அக்கா என்றான். அழுகை வருமா என்று அவளும் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் மணிக்கட்டில் அவள் விரல்கள் அழுந்திப் பதிந்தன. இந்தத் தடவை அவள் எதையும் தடவவில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்துச் சின்னவரின் கையில் பூட்டினார். சின்னவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தேகமே வேண்டாம் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கடையில இன்னைக்கு உங்க கைக்குக் கிடைச்ச ஒரே அசல் சரக்கு இதுதான்."