கம்பி பதிந்த கிளை

"மரத்துக்கு வலிக்காதாப்பா?"

லீமா அதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. சவரிராயன் குட்டை ஜூனிபர் மரத்தின் கிளையில் செம்புக் கம்பியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான். பெரிய முதலியார்சாவடியில் அவன் தோட்ட வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போன மரம்.

"மரம் எங்கம்மா அழுவுது? போய் விளையாடு."

அன்றே இன்னொரு கிளையின் பட்டையைப் பச்சையாக உரித்து, கந்தகமும் சுண்ணாம்பும் காய்ச்சிய நீரைப் பூசி, எலும்பு போல வெளுக்க வைத்தான். அழகாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, எழுபத்தாறு சித்திரையில், மரக்காணம் உப்பளத்திலிருந்து மதியச் சோற்றுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றான். ஈரச் சாக்கு வாடைக்கும் அடுப்புப் புகைக்கும் அடியில், கந்தக வாடை வீட்டுக்குள்ளிருந்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கந்தக நீரை அவன் மறுபடி காய்ச்சவே இல்லை.

பாயில் படுத்திருந்த லீமாவின் மணிக்கட்டைச் சுற்றி, சுருள் சுருளாக ஒரு பள்ளம்.

"கயிறு கட்டி விளையாடினியாம்மா?"

"இல்லப்பா. தானா இறுக்குது."

ஆஸ்பத்திரிக் களிம்பு கேட்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளம் முழங்கையைத் தொட்டது. கை பின்பக்கமாக வளையத் தொடங்கியது. அந்த வளைவை அவன் அறிவான்.

மரத்தொட்டியை நோக்கி ஓடினான். போன மழைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய கம்பி. மறந்துபோனான். பட்டை அதை விழுங்கியிருந்தது.

"ஆண்டவரே, கேட்டது அவ. செஞ்சது நானு."

குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே குழந்தை மூச்சுவிட்டது. கடைசித் துண்டும் வந்தது. கிளையில் பதிந்த பள்ளத்தில் பிசின் கசிந்தது.

வெளுத்த கிளையின் நுனி அவன் பக்கம் திரும்பியிருந்தது. காற்று இல்லை.

கம்பியை வெட்டிவிடலாம். உரித்த பட்டையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சுற்றிலும் பார்த்தான். வெயில். உப்புக் குவியல்கள். யாரும் இல்லை. சட்டையைக் கழற்றினான். கந்தக வாடை நெருங்கி வந்தது. வலது கையை மரத்தின் மேல் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் லீமா இரண்டு கையாலும் தண்ணீர் மொண்டு மரத்துக்கு ஊற்றினாள்.

உப்பளத்தில் பக்கிரி சிரித்தான். "ஏம்பா சவரி, இந்த வெயில்ல முழுக்கை சட்டையா? பொண்ணு பாக்கப் போறியா?"

சவரிராயனும் சிரித்தான். பக்கிரி நகர்ந்ததும் குனிந்து பாத்தியில் கைவிட்டான். முள் கீறிய இடத்தில் பட்டாலே உயிர் போகும் உப்புநீர், சட்டைக்குள் ஏறியது.

எரியவில்லை.

சட்டையை ஒதுக்கினான். தோல் இல்லை. ரத்தம் இல்லை. வெள்ளை. நீளவாக்கில் ஓடும் மரவரிகள்.

முழங்கையருகே, பச்சையாக ஒரு துளிர்.