தேவையில்லாத ட்ரிப்

ரிலேயின் சிவப்புக் கொடி மறுபடியும் விழுந்துவிட்டது. லைனில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் ரிலே லைனை நிறுத்தும், கொடியும் விழும். ஆனால் மீட்டர் முள் கால்வாசிகூட ஏறாததைத் தீனதயாளன் கண்ணாரப் பார்த்திருந்தான்.

அந்தி மழை துணை மின்நிலையத்தின் தகரக் கூரையில் சடசடத்தது. உப்புக்காற்றும் சூடேறிய டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் கலந்து மூக்கை அடைத்தன. முட்டுக்காட்டு விடுதிக்காரர்கள் மாற்றி மாற்றிப் போனில் ஏசினார்கள். ஊருக்கு இளைத்தவன் ஆபரேட்டர்தானே! எஞ்சினியர் சதாசிவமோ போனில், இது தேவையில்லாத ட்ரிப், காரணமில்லாமல் லைன் நிற்கிறது, ரிலே நிறுத்துகிற அளவை, அந்தச் செட்டிங்கை ஏற்றிவிடு என்றார். பேச்சுக்கிடையே அவர் பக்கோடா கடிக்கும் சத்தம் கேட்டது. தீனதயாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லைன்மேன் கருப்பன் கோளாறைத் தேடிச் சவுக்குத்தோப்புக் கம்பத்தில் ஏறியிருந்தான். ஏறியவனே இறங்கிவந்து கையெழுத்துப் போட்டால்தான் லைனைப் போட வேண்டும் என்பது விதி. மழைநாளில் போனில் குரல் கேட்டால் போதும் என்பது இவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ரிலே செட்டிங்கை உச்சத்துக்கு ஏற்றினான். செல்போன் அடித்தது. கருப்பன் பெயர்.

"எறங்கிட்டேன் அண்ணாத்த. லைன போட்டுக்க."

குரலுக்குப் பின்னால் மழைச் சத்தமே இல்லை. அதை யோசிக்க அந்தப் பாழாய்ப்போன கோபம் விடவில்லை. சுவிட்சைத் திருப்பினான்.

கொடி விழவில்லை. இனி எவன் வாயைத் திறக்கிறான் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டே முள்ளைப் பார்த்தான். ஏறியது. இறங்கியது. தூங்குகிறவன் நெஞ்சைப் போல மெதுவாக மறுபடி ஏறியது. பழைய செட்டிங்காக இருந்தால் ரிலே இந்நேரம் லைனை நிறுத்தியிருக்கும்.

மயிர் பொசுங்கும் நாற்றம். அறைக்குள்தான்.

கருப்பனுக்குப் போன் போட்டான். மணி அவன் முதுகுக்குப் பின்னால் ஒலித்தது. சுவரோரம், சார்ஜரில் செருகியபடி, கருப்பனின் போன். மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அப்படியானால் பேசியது?

பாய்ந்து சுவிட்சை நிறுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. லைனில் மின்சாரம் இல்லை. முள் இறங்கவில்லை. சதாசிவத்தை, விடுதிக்காரர்களை, தன்னை, எல்லோரையும் வெட்டிப்போடலாம்போல் இருந்தது.

மணி நின்றது. சுவரோரப் போனை யாரும் தொடவில்லை. ஆனால் அழைப்பை எடுத்தாகிவிட்டது.

காதோரம் குரல் கேட்டது.

"இன்னா அண்ணாத்த, நிறுத்திட்ட? நா இன்னும் மேலதான் கீறேன்."

முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.