சாயாவுக்குப் புதுப் பல்

விக்கி செத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவன் சட்டைப் பைக்குள் பணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

போனில் 'டிங்...' யாரோ இருநூறு ரூபாய்.

'டிங்...' யாரோ ஐம்பது.

மட்டாஞ்சேரி. மிளகு குடோன். காலை பத்து மணி.

மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான் விக்கி. தெருநாய்களைக் காப்பாற்றுவதாக வீடியோ போட்டு நிதி திரட்டியவன். தொண்டையில் நான்கு ஓட்டைகள்.

மூலையில் போலீஸ்காரர் கட்டிப்போட்ட நாய். டீ நிறம். பெயர் சாயா. வாயைச் சுற்றி ரத்தம்.

ஷட்டருக்கு வெளியே இருபது பேர். கையில் இரும்புக் கம்பி.

"நாயை வெளிய விடுங்க சாரே... மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

இன்ஸ்பெக்டர் சேவியர், குடோன் முதலாளி வெங்கிடாசலத்திடம் திரும்பினார்.

"நீங்கதான் முதல்ல பார்த்ததா?"

"ஆமா சார். ஏழு மணிக்கு என் சாவியைப் போட்டு ஷட்டரைத் திறக்கறேன்... நாய் அவன் மேல நிக்கறது. மேல் பல்லு ரெண்டும் தொண்டைக்குள்ள இறங்கறத இந்தக் கண்ணால பார்த்தேன்."

"வாடகைக்கு இருந்த விக்கியைக் குடோனைக் காலி பண்ணச் சொல்லி ரெண்டு வருஷமா சண்டையாமே?"

"அதுக்காக? இந்த நாயோட புதுப் பல்லுக்கு நானே ஐநூறு ரூபா அனுப்பினவன் சார்."

சேவியரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார். முதலில் ரத்தம் வழியும் வாய். 'யாரோ ஒரு கொடூரன் பல்லைப் பிடுங்கிவிட்டான், உதவுங்கள்.' ஒரு மாதம் கழித்து அடுத்த வீடியோ. வாய் நிறைய வெள்ளைப் பற்கள்.

இரண்டையும் எடுத்தவள் ரோஜா. விக்கியின் உதவியாளர். சுவரோரமாக நின்றிருந்தாள்.

"மோளே, உன் நாய் ஆளைக் கொன்னிருக்கு. கூட்டத்துகிட்ட விட்டுடவா?"

"சாயா கடிக்காது சார்."

"நாய் வளர்க்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"கடிக்க... முடியாது சார்."

"ஏன்?"

ரோஜா ஷட்டரைப் பார்த்தாள்.

ஷட்டரில் கம்பி மோதியது. மறுபடி மோதியது.

சொன்னால் அவள் ஜெயிலுக்கு. சொல்லாவிட்டால் சாயா அந்தக் கம்பிகளுக்கு.

ரோஜா நடந்தாள். நாயின் முன்னால் உட்கார்ந்தாள். சாயா நடுங்கியது. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. பிறகு, அவள் தொடுவதற்கு முன்பே, தானாக வாயைத் திறந்து காட்டியது.

கேமராவுக்காகப் பழக்கியது.

வெறும் ஈறு. ஒரு பல் இல்லை.

"விக்கிதான் குறடால புடுங்கினான். காலை நான் புடிச்சுக்கிட்டேன்." அவள் குரலில் ஒன்றுமே இல்லை. "அப்பதான் பணம் வரும்னான்."

"அந்தப் புதுப் பல்லு?"

"அது வேற நாய் சார். இதே நிறம். சுள்ளிக்கல் ஏரியாவுல புடிச்சோம். ஒரு பிஸ்கட் பாக்கெட்ல வேலை முடிஞ்சுது."

சேவியர் விக்கியின் தொண்டையிலிருந்த ஓட்டைகளை மறுபடி பார்த்தார்.

பிறகு சுவரைப் பார்த்தார். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கிகள், வரிசையாக ஏழு. ஆறின் மேல் ஒரு விரல் தூசி. ஏழாவது கழுவித் துடைத்துப் பளபளத்தது.

வெங்கிடாசலம் உதட்டை நக்கினார். "இவதான்... இவதான் கொன்னிருப்பா சார்."

"நாய்க்குப் பல் இல்லைன்னு தெரிஞ்சவ, நாய் மேலயா பழி போடுவா? கொக்கியால குத்தி, ரத்தத்தை நாய் வாயில பூசினவன் அந்த வீடியோவை நம்பினவன். இல்லாத பல்லு இறங்கினதைக் கண்ணால வேற பார்த்தவன்."

விலங்கு மாட்டப்பட்டது. இரண்டு ஜோடி. ஒன்று ரோஜாவுக்கு.

சாயாவை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். கம்பிகள் விலகி வழிவிட்டன.

"அந்த வீடியோல அத்தனை பல்லு இருந்ததே சார்..." வெங்கிடாசலம் முனகினார்.

பிணத்தின் பையில் மறுபடியும் 'டிங்...'

சேவியர் பெருமூச்சு விட்டார்.

"ஊர்ல மத்தவங்க ஐம்பது, இருநூறுன்னுதான் குடுத்தாங்க சேட்டா. அந்த வீடியோவை நம்பி ஆயுளையே நன்கொடையா குடுத்துட்டு ஜெயிலுக்குப் போறது நீங்க ஒருத்தர்தான்."