கொக்கி

கேட் திறந்து கிடந்தது. லோர்னா வண்டியை நிறுத்தாமல் உள்ளே ஓட்டினாள். திறந்திருக்கும் கேட்டை மூடுவதும் மூடியிருக்கும் கேட்டைத் திறந்து விடுவதும் இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம்.

பழைய கல் வீட்டுக்குக் கூரை போய்விட்டது. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு, டீசல் பம்பு, நீண்ட சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்குள் சிவப்பு மண் படிந்திருந்தது.

"பம்பு ஓடலைன்னா?" என்றாள் கூட வந்திருந்த டல்சி.

"ஓடும்."

"உன் புருஷன் மாதிரிதான். நாலு உதை விட்டாத்தான் எழுந்திரிக்கும்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்குக் கிணறு வற்றிவிட்டது. மிச்சமிருந்த மாடுகள் அத்தனையையும் அவள் புருஷன் காலின் இங்கே ஓட்டி வந்துகொண்டிருந்தான். இங்கும் தண்ணீர் இல்லையென்றால் பண்ணை முடிந்தது.

பம்பு இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு ஓடியது. துருப்பிடித்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது.

லோர்னா திரும்பிப் பார்த்தாள்.

கேட் மூடியிருந்தது.

"நீயா மூடினே?"

"உன்கூடத்தானேடி நிக்கிறேன், செம்பட்டை."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே டல்சி அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். தலைமுடியைக் கேலி செய்கிறாள் என்று லோர்னா நினைத்திருந்தாள். டல்சி இந்தப் பண்ணையிலேயே பிறந்தவள். அவள் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே மாடு ஓட்டியவர்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இது அவர்கள் மண். செத்துப்போனவர்களின் பெயரை அவள் சனங்கள் வாயில் எடுப்பதில்லை.

இருவரும் போய்க் கேட்டைத் திறந்து, கம்பியால் வேலித் தூணோடு கட்டினார்கள். காற்று இல்லை. ஈக்கள்கூட இல்லை.

திரும்பி நடக்கும்போது வாடை வந்தது. வியர்வை, சாணம், சூடான தோல். நிறைய மாடுகள் நெருக்கியடித்து நிற்கும் வாடை.

வெளியே வெறும் மண்தான் கிடந்தது.

வண்டியில் வயர்லெஸ் கரகரத்தது. காலின்.

"தண்ணி வருதா?"

"வருது."

"மாடுங்க மோப்பம் பிடிச்சிடுச்சுங்க. இனி நிறுத்த முடியாது. நான் முன்னாடி வர்றேன். கேட் திறந்திருக்குல்ல, லோர்னா?"

டல்சி வயர்லெஸைப் பிடுங்கினாள். "பேரைச் சொல்லாதேடா!"

அதற்குள் வயர்லெஸ் அடங்கிவிட்டது.

கேட் மூடியிருந்தது. கட்டிய கம்பி கீழே கிடந்தது.

டல்சியின் குரல் தாழ்ந்தது. "இந்த வீட்டுல முதல்ல இருந்த பொம்பளை, பட்டணத்துக்காரி. திறந்து கிடந்த கேட்டை மூடிட்டா. கோழி வெளிய போயிடும்னு. புழுதிப் புயல்ல புருஷன் மாடு ஓட்டிட்டு வந்தான். எல்லாம் தாகத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முட்டிச்சு. அவன் கேட்டுக்கும் மாட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். அவ இந்தப் பக்கம் நின்னு கொக்கியை இழுத்தா. அந்த அழுத்தத்துல கழலவே இல்லை. மூச்சு நிக்கிற வரைக்கும் அவ பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்."

"அவ பேரு என்ன?"

டல்சி அவளைப் பார்த்தாள். "உன்னை ஏன் செம்பட்டைன்னே கூப்பிடறேன்னு நினைக்கிறே?"

லோர்னா கேட்டுக்கு ஓடினாள். சங்கிலி விறைத்திருந்தது. கொக்கியை இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. கேட்டின் இரும்புக் குழாய்கள் உள்பக்கமாக மெல்ல வளைந்தன.

வெளியே யாரும் இல்லை.

தூரத்தில் புழுதி எழுந்தது. தரை அதிர்ந்தது. புழுதிக்கு முன்னால் காலினின் மோட்டார் சைக்கிள்.

"டல்சி! வண்டி!"

டல்சி வண்டியைக் கேட் வரை பின்னோக்கி ஓட்டினாள். லோர்னா இழுவைச் சங்கிலியைக் கேட்டில் மாட்டினாள். சக்கரங்கள் மண்ணை வாரியடித்தன. கீல்கள் முனகின. வளைந்த குழாய்களுக்கு நடுவே ஒரு சூடான மூச்சு அவள் முகத்தில் பட்டது.

கேட் பிய்ந்து வந்தது.

காலின் உள்ளே பாய்ந்து ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் மாடுகள் வெள்ளமாய்ப் புகுந்தன.

பொழுது சாய்ந்தபோது அவை இன்னும் குடித்துக்கொண்டிருந்தன. காலின் தலையைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தான்.

"பொம்பளைங்ககிட்ட வண்டியைக் குடுத்தா கேட்டையே பிடுங்கிடறீங்க."

"உசுரோட நிக்கிறியே, அதுக்கு ஒரு டீயாவது போட்டுக் குடு" என்றாள் டல்சி.

அவன் சிரித்தபடி மறுபடி குனிந்தான்.

கேட் தூண்களுக்கு அப்பால் புழுதி மட்டும் அடங்காமல் நின்றது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"லோர்னா."

டல்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "பதில் பேசாதே."

"லோர்னா. கேட்டைத் திற."

காலின் நிமிர்ந்தான். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "யாரது? உன்னைத்தான் கூப்பிடறாங்க. போய்ப் பாரேன், லோர்னா."

மாடுகள் குடிப்பதை நிறுத்தின.

பிய்ந்த கேட் சுவரோரம் கிடந்தது. வெறும் தூண்களுக்கு நடுவே கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

கன்று ஒன்று மந்தையிலிருந்து பிரிந்து வெளியே போகப் பார்த்தது. தூண்களுக்கு நடுவே நின்றது. நெற்றியால் முட்டியது.

ஒன்றுமில்லாத இடத்தில் அதன் நெற்றி அழுந்தியது.