குழம்பு தூக்கிய மணி

“இன்னைக்குச் சாயங்காலம் திருவிழாக் கொடி ஏறுறதுக்குள்ள மணி கோயிலுக்கு வந்துரும். வரலைன்னா இனிமே நான் சுக்கானைத் தொட மாட்டேன்!”

சிலுவைத்துறைக் கடற்கரையில் ஊரே கூடியிருக்க, ஜெசிந்தா இப்படிச் சபதம் போட்டதும் அவள் தம்பி டெரிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் இது கொஞ்சம் பெரிய வாய்!

நடந்தது இதுதான். கோயிலுக்காகப் புதிதாக வார்த்த வெண்கல மணியைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரும் பொறுப்பு ஜெசிந்தாவின் வள்ளத்துக்குக் கிடைத்தது. அந்தக் கரையில் வள்ளம் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். வரும் வழியில் ஒரு முரட்டு அலை அடித்தது, கயிறு அறுந்தது, ஒரு சத்தம்கூடப் போடாமல் மணி கடலுக்குள் போய்விட்டது.

“பொட்டப்புள்ள கையில சுக்கானைக் குடுத்தா இப்படித்தாம்ல ஆவும்” என்றார் பக்கத்து வள்ளக்காரர் சில்வெஸ்டர். “இனிமே அந்த வள்ளத்தை வேற யாராவது ஓட்டட்டும்.”

அதற்கு ஜெசிந்தா சொன்ன பதில்தான் அந்தச் சபதம். சொன்ன கையோடு வள்ளத்தில் ஏறினாள். வெளிநாட்டுக்காரர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுவது டெரிக்கின் வேலை. அதனால் அவன் இரண்டு காற்று சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். மூன்றாவது ஆள் சேகு மைதீன். இஞ்சினையும் அடுப்பையும் ஒருசேரப் பார்த்துக்கொள்பவர். இஞ்சின் அவ்வப்போது காலை வாரும். அவர் வைக்கும் மீன் குழம்பு ஒருநாளும் வாராது.

“சீலா மீன் வாங்கியிருக்கேன்” என்றார் மைதீன். “வெறும் வயித்துல சபதம் நிக்காது பாத்துக்க.”

மணி விழுந்த இடத்தில் ஆறு பாகம் ஆழம். ஒருவர் இரு கையையும் விரித்தால் ஒரு பாகம். டெரிக் குதித்தான். சற்று நேரத்தில் தலை தெரிந்தது.

“கிடக்குதுக்கா! மணல்ல மகாராசன் மாதிரி உக்காந்திருக்கு!”

“கயிறு கட்டி இழுத்துருவமா?” என்றார் மைதீன்.

“மணி வராது அண்ணே, வள்ளம்தான் கவுந்து போகும்” என்றாள் ஜெசிந்தா. “காத்தை வச்சுத் தூக்குவோம். அந்தப் பெரிய நீல டிரம்மைக் கவுத்து மணியோட கட்டு டெரிக். உள்ள சிலிண்டர் காத்தை விடு. தண்ணி வெளிய போகும், டிரம் மிதக்கப் பாக்கும், மணியைத் தூக்கிக்கிட்டு வரும்.”

“முழுசா அடைக்கட்டுமா?”

“வேண்டாம், பாதி போதும். மெதுவா வரட்டும்.”

டிரம்மில் பாதி நிறைந்ததும் மணி மணலை விட்டு அசைந்தது. ஒரு பாகம் மெதுவாகத்தான் ஏறியது. பிறகு வேகம் பிடித்தது. பிறகு இன்னும் வேகம்!

“டெரிக், விலகுல!” என்று வள்ளத்திலிருந்து கத்தினாள் ஜெசிந்தா.

டிரம் துள்ளியெழும் ஓங்கில் மீன் மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு எகிறியது. காற்றில் சாய்ந்து, பெரிய ஏப்பம் ஒன்றை விட்டு, உள்ளே இருந்த காற்றையெல்லாம் கொட்டிவிட்டது. மணி மறுபடியும் கீழே பாய்ந்தது. டெரிக்கின் தோளுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி! மேலே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“பாதிதானக்கா அடைச்சேன்!”

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். கல்லூரியில் இயற்பியல் படித்தவள். “தப்பு என் மேலதான்ல. கீழ தண்ணி போட்டு அமுக்குது, காத்து ஒடுங்கிக் கிடக்கு. மேல வர வர அமுக்கம் குறையும், காத்து விரியும். திருவிழா பஸ்ல ஒத்தக்கால்ல நிக்கிறவன், கூட்டம் இறங்கினதும் காலை நீட்டி உக்காந்துக்கிறாம்லா, அந்தக் கதைதான். கீழ பாதி டிரம்மா இருந்தது மேல வர்றதுக்குள்ள முழு டிரம் ஆயிருச்சு. பரீட்சையில எழுதி மார்க்கெல்லாம் வாங்குனேன், கடல்ல கோட்டை விட்டுட்டேன்!”

“அப்போ இன்னும் கொறச்சு அடைப்பமா?”

“கொறச்சா கிளம்பவே கிளம்பாது.” அவள் கண் வள்ளத்தின் மூலைக்குப் போனது. நண்டு போட்டு வைக்க, மேல்பக்கம் வெட்டிய பழைய எண்ணெய் டின்கள் அங்கே அடுக்கியிருந்தன. “பெரிய டிரம்ல பாதி வேண்டாம். சின்ன டின்கள்ல முழுசு! எல்லாத்தையும் வாய் கீழ இருக்கிற மாதிரி கட்டு. வழிய வழிய அடை. மேல வரும்போது விரியுற காத்துக்கு உள்ள இடம் ஏது? அதுபாட்டுக்கு வாய் வழியா வெளிய போயிரும். தூக்குற பலம் கூடவே கூடாது. தேர் மாதிரி நிதானமா வரும்.”

டெரிக் மறுபடியும் மூழ்கினான். அடியில் மாட்டியிருந்த டிரம்மை அறுத்துவிட்டு டின்களைக் கட்டினான். கடைசி டின்னும் நிறைந்ததும் குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. அவற்றுக்குப் பின்னால் தகரக் கூட்டம் ஒன்று அசைந்து அசைந்து வந்தது. டின்களின் முதுகுகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டி நின்றன. கீழே, பச்சைத் தண்ணீருக்குள் மணி தொங்கியது!

“சபாஷ்!” என்று துள்ளினார் மைதீன். டின்களை வள்ளத்தின் விலாவோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜெசிந்தா சுக்கானைப் பிடித்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது, அடுப்பில் குழம்பு கொதித்தது, வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது.

கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது வானம் இருண்டது. சடசடவென்று மழை! டின்களைப் பார்த்துக்கொண்டிருந்த டெரிக் அலறினான்.

“அக்கா! டின் இறங்குது!”

அது உண்மைதான். இரண்டு விரல் உயரம் தெரிந்த முதுகுகள் இப்போது ஒரு விரல்தான் தெரிந்தன.

“ஓட்டையா?” என்றார் மைதீன்.

“இல்லண்ணே, குளிரு!” என்றாள் ஜெசிந்தா. “வெயில்ல சூடாகி உப்பியிருந்த காத்து, மழை பட்டுச் சுருங்குது. சுருங்குன இடத்துல தண்ணி ஏறுது. இன்னும் கொஞ்சம் இறங்குனா தண்ணி அமுக்கி மேலும் சுருக்கும். அப்புறம் நிக்கவே நிக்காது. டெரிக், காத்து அடை!”

“ரெண்டு சிலிண்டரும் காலி! டிரம்லயே பாதி போச்சுல்லா!”

வள்ளம் அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. டெரிக் கத்தியை உருவிக் கயிற்றில் வைத்தான். “வெட்டட்டாக்கா? இல்லன்னா நம்மளையும் சேத்து இழுத்துரும்!”

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. மணி போனால் சுக்கானும் போகும். அவளுக்குத் தெரிந்த சந்தோஷம் எல்லாம் அந்தச் சுக்கானில்தான் இருந்தது.

“பொறு! குளிர்ந்தா சுருங்கும்னா, சுட்டா விரியணும்லா! மைதீன் அண்ணே, அடுப்புல என்ன இருக்கு?”

“வடிச்ச கஞ்சி இருக்கு.”

“ஊத்துங்க!”

கொதிக்கும் கஞ்சி தகர முதுகுகளில் ஆவி பறக்க ஓடியது. டின்கள் இறங்குவது நின்றது. ஏறவில்லை.

“டீ?”

“குடிச்சாச்சு புள்ள.”

ஜெசிந்தா அடுப்புப் பக்கம் திரும்பினாள். குழம்புச் சட்டியைப் பார்த்தாள். மைதீன் அதை இரு கையாலும் மறைத்தார்.

“இது சீலா மீன் குழம்புட்டி! தேங்கா அரைச்சு ஊத்தினது! எம் பொண்டாட்டிக்குக்கூட இப்படி வச்சதில்ல!”

“அண்ணே, என் சுக்கான்!”

மைதீன் ஒரு நொடி கண்ணை மூடினார். மனிதர் அழுதாரா, மழையா என்று டெரிக்கால் சொல்ல முடியவில்லை. சட்டியைத் தூக்கி ஒவ்வொரு டின் மேலும் குழம்பைக் கவிழ்த்தார். மிளகாயும் புளியும் மீன் துண்டுகளும் கொதிக்கக் கொதிக்கத் தகரத்தில் விழுந்தன. சுர்ரென்றது. ஒரு விரல் தெரிந்த முதுகு ஒன்றரை விரல் ஆயிற்று. வள்ளம் நிமிர்ந்தது!

“இஞ்சினை முறுக்குங்க அண்ணே!” என்று கத்தினாள் ஜெசிந்தா. சூடு ஆறுவதற்குள் கரையைப் பிடிக்க வேண்டும். அதிசயமாக இஞ்சின் அன்றைக்கு முரண்டு பிடிக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மணி தரை தட்டியபோது கரையில் நின்ற சனம் ஓவென்று கூச்சலிட்டு இறங்கியது. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் முதல் ஆள் யார் என்கிறீர்கள்? சில்வெஸ்டர்தான்! ஆள் கொஞ்சம் வாய்த்துடுக்கு. மற்றபடி கடல்காரன் புத்தி கெட்டுப்போகவில்லை.

கொடி ஏறுவதற்குச் சற்று முன்பு மணி கோயில் முற்றத்துச் சட்டத்தில் ஏறியது. அதைத் துடைத்த பாதிரியார் மூக்கைச் சுளித்தார். “என்னம்மா இது, கருவேப்பிலை ஒட்டியிருக்கு?”

“பெரிய கதை ஃபாதர்” என்றாள் ஜெசிந்தா. “படிச்சது எதுவும் வீணாப் போகாது. என்ன, ஞாபகம் வரக் கொஞ்சம் லேட் ஆவும்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சில்வெஸ்டர் வந்தார். கையில் ஓர் ஆள் நீளத்துக்குச் சீலா மீன். அதை மைதீனிடம் நீட்டிவிட்டு, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அடுத்த மாசம் எம் மக கல்யாணச் சாமான் எல்லாம் தூத்துக்குடியில இருந்து வரணும். உன் வள்ளத்துலதான் ஏத்தப்போறேன். நீயே ஓட்டு தாயி.”

ஜெசிந்தா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. கணீரென்ற அந்த ஓசை கடல்மேல் வெகுதூரம் போனது. ஊரே கைகூப்பி நிற்க, மைதீன் மட்டும் மீனை மார்போடு அணைத்துக்கொண்டு டெரிக்கின் காதில் சொன்னார்:

“கேட்டியாலே? அம்புட்டும் எங் குழம்பு!”