காயம் ஆறிய இரும்பு

ஓட்டையின் விளிம்பில் துரு இல்லை.

தூசி தட்டத்தான் அவன் அலமாரியைத் திறந்தான். நடுத்தட்டில், வைத்த இடத்திலேயே, அந்தப் போர்க்கால இரும்புத் தொப்பி இருந்தது. இடது பக்கம், காதுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குண்டு ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை வரை அதன் உதடு காய்ந்த ரத்தம் போலப் பழுப்பாக இருந்தது. இப்போது புதிதாக வெட்டிய தகரம் போல மின்னியது. தடவிப் பார்த்தான். விரலில் பொடி ஒட்டவில்லை. எண்ணெய் வாசனை இல்லை. உப்புத்தாள் கீறலும் இல்லை.

“இதை நீ தேய்ச்சியா?”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “தேய்க்கிறதுக்கு வீட்டுல எனக்குப் பாத்திரமா இல்லை?” என்று சிரித்தாள். சிரிக்கும்போதே இடது நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள்.

அவன் கூட்டத்தில் தேய்ப்பது பாவம். கூட்டம் என்றால் மூன்று பேர். அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இன்னொருவர் மாட்டு டாக்டர். மூன்றாமவரை எல்லோரும் ‘மேஜர்’ என்பார்கள். விபத்தில் நசுங்கிய கார்களை மதிப்பிட்டே ஓய்வு பெற்றவர். பட்டாளத்தை ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. பழைய யுத்தங்களில் அடிபட்ட சாமான்களை வாங்கி, எது அசல் காயம், எது கடைக்காரன் கைவேலை என்று ஞாயிறுதோறும் சண்டை போடுவார்கள். காயம் என்றுதான் சொல்வார்கள். இரும்புக்கும்.

அந்த ஞாயிறு மேஜர் தொப்பியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மெஷின்ல துளைச்சிருந்தா ஓரம் ஒழுங்கா இருக்கும். இதைப் பாருங்க, உதடு உள்பக்கமாக் கிழிஞ்சு மடங்கியிருக்கு. சுத்திப் பெயிண்ட் செதில் செதிலா உதிர்ந்திருக்கு. அசல் காயம்.”

“வெளியே போன ஓட்டையைக் காணோமே?” என்றார் மாட்டு டாக்டர்.

“உள்ளேயே தங்கிடுச்சு.”

“எதுக்குள்ளேன்னு விளக்கம் சொல்லிடாதீங்க. இன்னும் சாப்பிடலை.”

பிறகு கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஓட்டை வழியாக நேரான கம்பி ஒன்றைச் செருகினால் குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் மேஜைமேல் வைத்தால் தொப்பி சாய்ந்து நிற்கும், கோணம் பொய் சொல்லும். யாராவது தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பி தோலைத் தொடுமுன் நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தொப்பி மூன்று பேர் தலையிலும் இறங்கவில்லை. டீ கொண்டுவந்த மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மூணு பேருக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமா என்ன? இங்க குடுங்க.”

மாட்டிக்கொண்டாள். அவளுக்கென்றே அளவெடுத்ததுபோல் அது உட்கார்ந்தது. வாடிப்போன தோல் வாரைக்கூட மோவாயில் இழுத்துப் பூட்டி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மேஜர் கம்பியை ஓட்டைக்குக் கொண்டுபோனார்.

“ஐயோ, சில்லுனு இருக்கு!”

“இன்னும் கம்பியை உள்ளேயே விடலையே தங்கச்சி” என்றார் மேஜர்.

அதற்கும் சிரித்தார்கள்.

துரு போனதற்கு அடுத்து, ஓட்டையைச் சுற்றி உதிர்ந்திருந்த இடங்களில் பச்சைப் பெயிண்ட் வந்தது. பூசியதுபோல் அல்ல, புண்மேல் தோல் வளர்வதுபோல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல. சுண்டுவிரல் நுழைந்த இடத்தில் பிறகு பென்சில்தான் நுழைந்தது. பிறகு அதுவும் நுழையவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பழைய இரும்பின் புளித்த வாடைக்குப் பதிலாகப் புதுத்தோல் வாசனையும், அதற்கடியில் ஈர மண்ணும், வேர்த்த தலையும், சற்றுமுன் கிழித்து அணைத்த தீக்குச்சியும் கலந்த ஒரு வாசனை வந்தது.

மனைவி இப்போது வலது பக்கமாக மட்டுமே தலையைச் சாய்த்து நடந்தாள். “கொசு மாதிரி ஏதோங்க. காதுக்கு மேலயே நிக்குது. விரட்டினாப் போகமாட்டேங்குது.” அவள் தலையருகே குனிந்து கேட்டான். முதலில் ஒன்றுமில்லை. மூச்சை அடக்கினான். வெகு தூரத்தில் யாரோ பல்லிடுக்கில் சீட்டியடிப்பதுபோல் ஒரு மெல்லிய ஒலி. அவன் நிமிர்ந்ததும் நின்றது. குனிந்ததும் கேட்டது.

மேஜரை வரச் சொன்னான். அவர் தொப்பியை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். விரல்கணுவால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அசலை யாருக்குப்பா கொடுத்தே?”

“இதுதான் சார் அசல்.”

“அடிபட்ட தகரத்தோடயே குடும்பம் நடத்தினவன் நான். வெல்டிங் வச்சா தழும்பு தெரியும். பட்டி பார்த்தா சத்தம் காட்டிக் கொடுத்துடும். இது அடியே படாத தகடு. யார் காதுல பூ சுத்தறே?”

“சார், தயவுசெஞ்சு இதை எடுத்துட்டுப் போயிடுங்க. அவளுக்கு என்னமோ ஆகுது சார்.”

“போலியை என் வீட்டு வாசப்படி ஏத்தமாட்டேன்” என்றார் மேஜர். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

காயம் இப்படி ஆறியே கிடந்தால் அவள் பிழைக்கமாட்டாள். இது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவனால் சொல்ல முடியாது. தெரிந்தது. அதனால், அத்தனை காலம் எந்தக் கைவேலையைக் காறித் துப்பினானோ அதையே செய்யத் துணிந்தான். துளைப்பானை எடுத்து, தொப்பியை முழங்கால்களுக்கிடையே இறுக்கி, ஓட்டை இருந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினான். தகடு கிறீச்சிட்டது.

உள்ளறையில் அவள் அலறினாள். “நிறுத்துங்க! நிறுத்துங்க!”

ஓடினான். நெற்றிப்பொட்டைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தாள். கையை விலக்கினான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பி வந்து பார்த்தான். தகட்டிலும் இல்லை. வழவழவென்று, முழுசாக, புத்தம் புதிதாக இருந்தது.

அன்று மாலையே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வெளிநோயாளிகள் போயிருந்தார்கள். நடைவழியில் ஈரத் துடைப்பம் இழுபடும் சத்தம். எக்ஸ்ரே அறையில் ஏசியின் முனகல், மருந்து நெடி, சிவப்பு விளக்கு. அவள் தோட்டைக் கழற்றினாள். கொண்டை ஊசியைக் கழற்றினாள்.

“பொண்டாட்டிங்கிறதால இலவசமா?”

“ஆடாம உட்காரு.”

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினான். திரையில் படம் விழுந்தது. மண்டையோடு, கண்குழிகள், பல்வரிசை. எலும்பில் ஒரு குறையும் இல்லை.

இடது பக்கம், தலைக்கு வெளியே, வெறும் காற்றில், வெள்ளையாக ஒன்று.

உலோகம்தான் அப்படி வெளுப்பாக விழும். எழுந்து போய் அவள் தலைக்குப் பக்கத்தில் பார்த்தான். கையை வீசிப் பார்த்தான். ஒன்றுமில்லை. தலைமுடியைக் கோதிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

“என்னங்க தேடறீங்க?”

இன்னொரு படம். வெள்ளை இருந்தது. சற்றுக் கிட்டத்தில்.

நாற்காலியை எதிர்ச்சுவருக்கு மாற்றினான். அவளைத் திருப்பி உட்காரவைத்தான். படம். அதே இடது பக்கம். இன்னும் கிட்டத்தில்.

பெரிதாக்கினான். அவன் வீட்டுக் கண்ணாடி ஜாடியில் இதுபோல் ஒரு பிடி பழைய குண்டுகள் கிடக்கின்றன. எல்லாம் சுவரிலோ கல்லிலோ எலும்பிலோ பட்டு முனை மழுங்கியவை, காளான்போல் விரிந்தவை. முனையைப் பார்த்து எதில் பட்டது என்று அவன் சொல்லிவிடுவான்.

இந்த முனை கூராக இருந்தது.

எதிலும் படாத குண்டு. இனிமேல்தான்.

ஈய அங்கியை எடுத்து அவள் தலையைச் சுற்றிப் போர்த்தினான். “மூச்சு முட்டுதுங்க” என்றாள். அதன் ஓரத்தை விலக்கிப் படம் எடுத்தான். கிட்டத்தில். ஒரு விரற்கடை இருக்கும். அங்கியைப் பிடுங்கி எறிந்தான்.

“நீங்க அழறீங்களா?”

வார்டுகளுக்குத் தள்ளிப்போகும் சின்ன இயந்திரம் மூலையில் நின்றது. அதன் பொத்தானுக்கு நீளமான வயர் உண்டு. இழுத்து வந்தான். வலது கையில் பொத்தான். இடது உள்ளங்கையை அவள் நெற்றிப்பொட்டின்மேல் அழுத்தி வைத்தான். தோலுக்கும் கைக்கும் நடுவே இடம் இல்லை. நூல் நுழைய இடம் இல்லை. இனி எது வந்தாலும் அவன் கையைத் தாண்டித்தான்.

சீட்டி ஒலி நின்றது.

“இவ்வளவு அழுத்தாதீங்க.”

“மூச்சை அடக்கு.”

அமுக்கினான்.

கையை எடுக்காமல், கழுத்தை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தான். மண்டையோடு. அதை ஒட்டி, பக்கவாட்டில், அவன் கை எலும்புகள் ஒரு சின்னச் சுவர் போல. சுவரின் நடுவே குண்டு. அவன் எலும்பு எதையும் உடைக்காமல், புகைக்குள் நுழைவதுபோல் நுழைந்து. பின்பாதி அவன் புறங்கைக்கு வெளியே. கூர்முனை அவள் எலும்பின்மேல்.

வலிக்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அவள் தோல் மட்டும் சில்லிட்டிருந்தது.

“முடிஞ்சுதா? மூச்சு விடட்டுமா?” என்று கேட்டபடி அவள் அவன் பக்கம், குண்டின் பக்கம், முகத்தைத் திருப்பத் தொடங்கினாள்.