ஓர அடைப்பில் செத்த குட்டி

வியாழன், காலை 6.40. வைக்கோலில் ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தது. பிறக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது, பாவம்.

7.30. இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்துபோய் நின்றது. பேராசிரியர் மட்டும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"மருந்த மாத்தி ஏத்திட்டான் மேடம்! சாவி இவன்கிட்ட மட்டும்தான் இருக்கு!"

இவன் என்றது, பதினெட்டு வருஷமாக ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டுக்காரரை. விலங்கு மாட்டாத குறைதான்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க சார்."

"எல்லாம் சினை ஆடுங்க. வயித்துக் குட்டிக்கு மெல்லிசா ஒரு குழாய் விட்டிருக்கோம். மத்த குட்டிங்களுக்கு அது வழியா, பயந்தா சுரக்குற ஹார்மோன ஏத்துறோம். ஒப்பிட்டுப் பாக்க இதுக்கு மட்டும் வெறும் உப்புநீர்."

"ஹார்மோன் ஏறினா?"

"குட்டி ஆக்சிஜன அதிகமா எரிக்கும். வளர்றத விட்டுட்டு வெளிய வரத் தயாராகும். அளவு மீறினா பிரசவமே முந்திக்கும். இந்தக் குட்டி ரத்தத்துல அது எக்கச்சக்கமா இருக்கு. ஆக்சிஜன் செலவும் திங்கக்கிழமைலேர்ந்து எகிறியிருக்கு. பாட்டில மாத்தாம எப்படி மேடம் வரும்?"

நியாயமான கேள்விதான்.

9.15. பாட்டிலைச் சோதித்தார்கள். குழாயையும் சோதித்தார்கள். இரண்டிலும் சுத்தமான உப்புநீர்! பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்ஸ்பெக்டரம்மா அடைப்புக்குள் குனிந்து நுழைந்தார். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் புத்தம்புதுப் பலகை. தீவனம் வைத்தது வைத்தபடி இருந்தது. பலகை ஓரத்து வைக்கோல் மட்டும் மிதிபட்டுக் கூழாகியிருந்தது. தாய் ஆட்டின் மூக்கில் சிராய்ப்பு.

"பலகை எப்ப வந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்மா," என்றார் ஆட்டுக்காரர். "முன்னால வெறும் கம்பிதான். இதுவும் பக்கத்து ஆடும் மூக்க உரசிக்கிட்டே படுத்திருக்கும்."

"யார் அடிக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றார் பேராசிரியர். "ஒண்ணோட குழாய இன்னொண்ணு கடிச்சுது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பக்கத்து ஆட்டுக்கு அந்தப் பக்கமும் துணை இருக்கு. இது ஓரத்து ஆடு. இதுக்குச் சுவரும் பலகையும்தான். ஆட்டத் தனியா அடைச்சா என்ன சார் ஆகும்?"

"மிரளும். மிரண்டா..." பேராசிரியர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க. மிரண்டா சுரக்குறது எங்க போகும்?"

"தாய் ரத்தத்துல ஏறும். அதுலேர்ந்து... குட்டிக்கு."

"மருந்த யாரும் மாத்தல சார். அந்த ஆடே சுரந்திருக்கு. சுரக்க வெச்சது உங்க பலகை. இவர் மேல குடுத்த புகார நீங்களே கிழிச்சிடுங்க."

அட, ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷன்! பேயறைந்த முகத்தோடு ஆட்டுக்காரரின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடுப்பா. எனக்குத் தோணவே இல்ல."

ஆட்டுக்காரர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நாலு நாளா கத்துது, தண்ணிகூடக் குடிக்கலன்னு மூணு தடவ வந்து சொன்னேனே சார். ஆடுன்னா கத்தத்தான் செய்யும், போய் வேலையப் பாருன்னீங்க."